ஓய்வுபெறும் நீதிபதியின் இடத்தை எந்த ஆளுநர் நிரப்புவது? ஃப்ளோரிடாவின் 2014 திருத்தம் 3 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்தம் 3 என்ன சொன்னது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2014 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநில வாக்காளர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. மாநில உச்ச நீதிமன்றத்திலோ மேல்முறையீட்டு நீதிமன்றத்திலோ ஒரு நீதிபதி வயது வரம்பை எட்டி ஓய்வுபெறப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே, அப்போது பதவியில் இருக்கும் ஆளுநர் அடுத்தவரை நியமித்துவிட வேண்டும், இதுதான் திருத்தம். அதுவரை இருந்த நடைமுறையில் இடம் காலியான பிறகுதான் ஆளுநர் நியமிக்க முடியும்.

ஃப்ளோரிடாவில் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த 60 சதவீத வாக்கு வேண்டும். இதற்குக் கிடைத்தது 48 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆக, சாதாரணப் பெரும்பான்மைகூட இல்லாமல் தோற்றது.

இதைவிட அலுப்பான விஷயம் உலகத்தில் உண்டா? யார் இதற்கெல்லாம் வாக்களித்தார்கள்?

வாக்குச்சீட்டில் இதைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். அதே சீட்டில் திருத்தம் 2 என்று மருத்துவக் கஞ்சா இருந்தது, எல்லாருடைய கண்ணும் அதன்மேல்தான். (அது 57 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் தோற்றது, ஏனென்றால் 60 வேண்டும்.) திருத்தம் 1 நீர்நிலைகளையும் நிலங்களையும் காக்கப் பணம் ஒதுக்குவது, அது எளிதாக ஜெயித்தது. மூன்றாவதாக வந்த இதன் தலைப்பே 'குறிப்பிட்ட சில நீதித்துறைக் காலியிடங்களுக்கு முன்கூட்டிய நியமனம்' என்ற ரகம். படித்துவிட்டுக் கொட்டாவி விட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கொட்டாவிக்குப் பின்னால் இருந்தது, ஏழு பேர் கொண்ட ஒரு உச்ச நீதிமன்றத்தில் மூன்று இடங்களை ஒரே நாளில் யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி.

இந்த ஆளுநர் மத்திய அரசு அனுப்பும் ஆளா?

இல்லை. அங்கே ஆளுநர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம்ம ஊர்க் கணக்கில் முதலமைச்சர் மாதிரி. நான்கு ஆண்டுப் பதவி, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கிடையாது. எட்டு ஆண்டு முடிந்ததும் வேறு ஆள் வந்தே தீர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும் குழப்பமெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

நீதிபதிகள் சாதாரணமாக எப்படி வருகிறார்கள்?

ஒன்பது பேர் கொண்ட பரிந்துரைக் குழு ஒன்று இருக்கிறது. விண்ணப்பங்களைப் பார்த்து, நேர்காணல் நடத்தி, மூன்று முதல் ஆறு பெயர்கள் வரை அது ஆளுநருக்கு அனுப்பும். அவர் அதற்குள்ளேதான் ஒருவரைப் பொறுக்க வேண்டும். குறைந்தது ஓராண்டு கழித்து வரும் பொதுத்தேர்தலில் அந்த நீதிபதியின் பெயர் மட்டும் சீட்டில் வரும்: இவர் தொடரலாமா, வேண்டாமா? எதிர் வேட்பாளர் இல்லை, கட்சிச் சின்னம் இல்லை. தொடரலாம் என்றால் ஆறு ஆண்டு.

1978-ல் இந்த வாக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து ஒருவர்கூடத் தோற்றதில்லை. அதனால் இதை ஒரு கடிவாளம் என்று சொல்வதைவிட, இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். உண்மையான அதிகாரம் நியமனத்தில்தான். மாவட்ட அளவில் விசாரணை நடத்தும் நீதிபதிகளை மக்களே கட்சி சாராமல் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களை திருத்தம் 3 தொடவே இல்லை.

பரிந்துரைக் குழு என்று ஒன்று இருக்கும்போது ஆளுநர் யாராக இருந்தால் என்ன?

முன்பு இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஒன்பதில் மூன்று பேரை ஆளுநர் போடுவார், மூன்று பேரை வழக்கறிஞர் சங்கமான ஃப்ளோரிடா பார் போடும், அந்த ஆறு பேரும் சேர்ந்து வழக்கறிஞர் அல்லாத மூவரைச் சேர்ப்பார்கள். 2001-ல் சட்டம் மாறியது. ஒன்பது பேரையுமே ஆளுநர்தான் நியமிக்கிறார். அதில் நான்கு பேரை மட்டும் பார் தரும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், அந்தப் பட்டியல் பிடிக்காவிட்டால் வேறு பட்டியல் கேட்கலாம். குழுவையும் அவரே போடுகிறார், குழு தரும் பெயரிலிருந்து நீதிபதியையும் அவரே போடுகிறார். இது சட்டப்படி சரிதான், ஆனால் குழு ஒரு தடுப்புச் சுவர் என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இந்தக் குழு ஏற்பாடே எதற்காக வந்தது? முன்பு எப்படி இருந்தது?

முன்பு உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் தேர்தலில்தான் தேர்ந்தெடுத்தார்கள், பிரசாரம், நன்கொடை, எல்லாம் உண்டு. 1970களில் அந்த நீதிமன்றமே நாறியது. டேவிட் மெக்கெய்ன் என்ற நீதிபதி தனக்கு வேண்டியவர்களுக்காகக் கீழ் நீதிமன்றங்களில் தலையிட்டார் என்ற புகாரில் பதவி விலக நேர்ந்தது. பிறகு போதைப்பொருள் கடத்தல் வழக்கில் சிக்கித் தலைமறைவாகி, தலைமறைவாகவே செத்தார். இன்னொருவர் ஜோசப் பாய்ட். வழக்கில் ஒரு தரப்பின் வக்கீல் எழுதிக் கொடுத்த வரைவைத் தீர்ப்புக்குப் பயன்படுத்திய விவகாரத்தில் மாட்டினார். மனநலப் பரிசோதனைக்குப் போய்த் தேறினால் பதவியில் இருக்கலாம் என்றார்கள், போனார், தேறினார். அதற்கப்புறம், புத்தி சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வைத்திருக்கும் ஒரே நீதிபதி நான்தான் என்று அவரே வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தார்.

இந்தக் கூத்துக்கிடையில்தான் ஆளுநர் ரூபின் ஆஸ்க்யூ 1971-ல் பரிந்துரைக் குழு முறையைத் தன் ஆணையால் கொண்டுவந்தார், அடுத்த ஆண்டே அது அரசமைப்பில் ஏறியது. 1976-ல் மேல்நிலை நீதிபதிகளுக்குப் போட்டித் தேர்தலை எடுத்துவிட்டு, தொடரலாமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பை மக்கள் ஏற்றார்கள்.

சரி, 2014-ல் திடீரென்று இந்தத் திருத்தம் ஏன்?

திடீரென்று இல்லை. பார்பரா பாரியென்டே, ஃப்ரெட் லூயிஸ், பெகி குவின்ஸ் என்று மூன்று நீதிபதிகள். மூவருமே 1990களின் பிற்பகுதியில், ஜனநாயகக் கட்சி ஆளுநர் லாட்டன் சைல்ஸ் காலத்தில் வந்தவர்கள். 2012-ல் இவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று குடியரசுக் கட்சியின் மாநிலத் தலைமையே வெளிப்படையாக எதிர்த்தது, மூவரும் 67, 68 சதவீதத்தோடு ஜெயித்துவிட்டார்கள். ஆனால் அதுதான் அவர்களுடைய கடைசி ஆறு ஆண்டு. ஓய்வு வயது 70, பதவிக்காலத்தின் பின்பாதியில் 70 தொட்டால் காலம் முடியும்வரை இருக்கலாம் என்பது அப்போதைய விதி. மூவரும் அந்தக் கணக்கில் வந்தார்கள். ஆக மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பும் நாள் 2019 ஜனவரி 8.

இப்போது முடிச்சைப் பாருங்கள். ஆளுநரின் பதவிக்காலம் தொடங்குவது, ஜனவரியின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். நீதிபதிகளின் பதவிக்காலம் தொடங்குவதும் முடிவதும் அதே செவ்வாய். 2018 நவம்பரில் புது ஆளுநர் தேர்தல் நடக்கும், அவர் 2019 ஜனவரி 8-ல் பதவியேற்பார். பழைய ஆளுநர் போகும் நாளும், புதியவர் வரும் நாளும், மூன்று நீதிபதிகள் எழுந்திருக்கும் நாளும் ஒன்றே. அந்த மூன்று கையெழுத்து யாருடையது? அரசமைப்பில் இதற்கு நேரான விடை எழுதப்படவில்லை.

2014-ல் ஆளுநராக இருந்தவர் குடியரசுக் கட்சியின் ரிக் ஸ்காட், அவர் அன்று மறுதேர்தலில் நின்றார். திருத்தத்தை மக்களிடம் அனுப்பிய சட்டமன்றமும் அதே கட்சியின் கையில் இருந்தது. 120 பேர் அவையில் 72, 40 பேர் மேலவையில் 24 வாக்கு இருந்தால் போதும், அது அவர்களிடம் இருந்தது.

அப்படியென்றால் இது முழுக்க அரசியல் சூழ்ச்சிதானே?

பாதி. ஆதரித்தவர்கள் சொன்ன காரணத்தில் சத்து இருந்தது, அதை ஒதுக்க முடியாது.

இடம் காலியான பிறகுதான் வேலை தொடங்கும் என்றால், பரிந்துரைக் குழுவுக்கு 30 நாள், ஆளுநர் அதை இன்னும் 30 நாள் நீட்டலாம், பெயர்கள் வந்தபின் ஆளுநருக்கு 60 நாள். கூட்டினால் நான்கு மாதம். ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் உட்கார குறைந்தது ஐந்து நீதிபதிகள் வேண்டும், தீர்ப்புக்கு நான்கு பேர் ஒத்துப்போக வேண்டும். ஏழில் மூன்று ஒரே நாளில் போனால் மிச்சம் நான்கு, நீதிமன்றம் உட்காரத் தேவையான எண்ணிக்கையே இல்லை. மரண தண்டனை மேல்முறையீடுகள் நேராக இந்த நீதிமன்றத்துக்குத்தான் வருகின்றன, அதுவும் ஃப்ளோரிடாவில் அவை கொஞ்சநஞ்சமல்ல. தற்காலிகமாகக் கீழ் நீதிமன்ற நீதிபதிகளை இழுத்துப் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலை.

ஆகவே ஓட்டை நிஜம். என் கருத்தைக் கேட்டால், ஓட்டையை அடைக்க வந்தவர்கள் அடைப்பானைத் தங்களுக்கு வசதியான பக்கத்திலிருந்து செருகினார்கள். 'முன்கூட்டியே பரிந்துரை வேலையைத் தொடங்கலாம், ஆனால் அன்று பதவியேற்கும் ஆளுநர்தான் நியமிப்பார்' என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் தாமதப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அப்படி எழுதவில்லை. போகிற ஆளுநர், அடுத்த தேர்தலை மக்களிடம் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லாதவர், நியமித்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதினார்கள்.

திருத்தத்தின் வாசகத்தில் வேறென்ன இருந்தது?

கவனமாகப் படித்தால் மூன்று சூழ்நிலைகள். ஒன்று, நீதிபதி ஓய்வு வயதை எட்டுவது. இரண்டு, தொடர்வதற்கான வாக்கெடுப்புக்கு அவர் பெயர் கொடுக்காமல் விடுவது. இந்த இரண்டிலும் ஆளுநர் முன்கூட்டியே நிரப்ப 'வேண்டும்'. மூன்றாவது, வாக்கெடுப்பில் மக்கள் அவரை வேண்டாம் என்று சொல்வது, அதில் மட்டும் 'நிரப்பலாம்'. நான்கு ஆண்டு கழித்து வரப்போகும் அந்த மூன்று இடங்களைப் பற்றி ஒரு சொல்கூடச் சீட்டில் இல்லை. சட்ட வாசகத்தில் ஆள் பெயர் வராதுதான். ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கேள்வியை யாருக்கும் புரியவைக்க முடியாது.

இதற்கு முன்பு இப்படி நடந்ததில்லையா?

நடந்தது, அதை அழகாகவே சமாளித்தார்கள். 1998 டிசம்பர். சைல்ஸ் போகிறார், குடியரசுக் கட்சியின் ஜெப் புஷ் வரப்போகிறார். பென் ஓவர்டன் என்ற நீதிபதியின் இடம் சரியாக ஆட்சி மாறும் நேரத்தில் காலியாகிறது. இருவரும் உட்கார்ந்து பேசி ஒரே ஆளைச் சேர்ந்தே தேர்ந்தெடுத்தார்கள்: பெகி குவின்ஸ், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. அறிவித்துச் சில நாளில், டிசம்பர் 12 அன்று, சைல்ஸ் இறந்துபோனார். இருபது ஆண்டு கழித்துக் குவின்ஸ் ஓய்வுபெறும்போது அவருடைய நாற்காலியே சண்டைக்குரிய மூன்றில் ஒன்றானது.

அந்த உடன்பாடு இரண்டு பேருடைய நல்ல மனசில் நின்றது, சட்டத்தில் அல்ல. 2018-ல் அதே மாதிரி, வரப்போகிறவரோடு உடன்பாட்டுக்கு வரலாம் என்று ஸ்காட் தரப்பும் பேசியது. அதற்குள் காலம் மாறியிருந்தது.

எதிர்த்தவர்கள் யார்?

முன்னணியில் நின்றது மகளிர் வாக்காளர் கழகமான லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ். போகிற ஆளுநர் நீதிமன்றத்தை அடைத்துவிட்டுப் போவார் என்பது அவர்கள் வாதம். ஆனால் பிரசாரத்தால் மட்டும் தோற்றது என்று நான் நினைக்கவில்லை, ஃப்ளோரிடா வாக்காளர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பிடிவாதம் உண்டு. 2000-ல் மாவட்ட நீதிபதிகளையும் நியமன முறைக்கு மாற்றலாமா என்று 67 கவுன்ட்டிகளிலும் 20 நீதித்துறை வட்டாரங்களிலும் தனித்தனியாகக் கேட்டார்கள், ஒரு இடத்தில்கூடச் சம்மதம் வரவில்லை. 2012-ல் உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கு மாநில மேலவை ஒப்புதல் தர வேண்டும் என்ற திருத்தம் 5 வந்தது, 37 சதவீதம்தான் வாங்கியது. நீதிபதி நியமனத்தில் கைவைக்க வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் 'போ' என்பார்கள் போலிருக்கிறது.

தோற்றபிறகு விஷயம் முடிந்ததா?

அங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மக்கள் 'இல்லை' என்றால் புது விதி வராது, அவ்வளவுதான். பழைய குழப்பம் அப்படியே கிடக்கும். மறுதேர்தலில் ஜெயித்த ஸ்காட், அந்த மூன்று இடங்களையும் நானே நிரப்புவேன் என்று சொன்னார். 2017-ல் லீக்கும் காமன் காஸ் என்ற அமைப்பும் நீதிமன்றம் போயின, 'எந்த அதிகாரத்தில் இதைச் செய்கிறீர்கள்' என்று அதிகாரியைக் கேட்கும் ரிட் அது. ஸ்காட் இன்னும் எதையும் செய்யவில்லையே, செய்யப் போவதைப் பற்றி இப்போதே கேட்க முடியாது என்று 2017 டிசம்பரில் தள்ளுபடி.

2018 செப்டம்பரில் ஸ்காட் பரிந்துரை வேலையைத் தொடங்கிவைத்தார். மறுபடி வழக்கு. அக்டோபர் 15-ல் நீதிமன்றம் சொன்னது: அந்த மூவரும் காலத்துக்கு முன்பே போய்விடாத வரை, நவம்பரில் ஜெயிக்கும் ஆளுநருக்குத்தான் நியமிக்கும் அதிகாரம். சட்டமன்றத்தால் முடியாததை, மக்கள் மறுத்ததை, கடைசியில் அந்த நீதிமன்றமே தீர்த்துவைத்தது. தங்கள் சொந்த நாற்காலிகளுக்கு வாரிசு யார் போடுவது என்ற வழக்கை அவர்களே விசாரித்தார்கள் என்பது எனக்கு இன்றும் நெருடுகிறது. ஆனால் வேறு எங்கே போவது?

கடைசியில் யார் நியமித்தார்?

2018 தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரான் டிசான்டிஸ், ஜனநாயகக் கட்சியின் ஆண்ட்ரூ கில்லமை வென்றார். வித்தியாசம் சுமார் 0.4 சதவீதம், மறு எண்ணிக்கைவரை போனது. அமெரிக்க செனட்டுக்குத் தேர்வாகியிருந்த ஸ்காட், மற்றவர்கள் ஜனவரி 3-ல் உறுதிமொழி எடுக்க, தான் மட்டும் 8-ம் தேதிவரை ஆளுநராகவே இருந்துவிட்டுப் போனார். டிசான்டிஸ் பதவியேற்ற மறுநாளே மியாமியில் பார்பரா லாகோவா, 14-ல் ராபர்ட் லக், 22-ல் கார்லோஸ் முனீஸ். நான்கு மாதம் ஆகும் என்று பயந்த வேலை இரண்டு வாரத்தில் முடிந்தது, காரணம் பரிந்துரை வேலை முன்பே நடந்திருந்தது.

திருத்தம் 3 ஜெயித்திருந்தாலும் குடியரசுக் கட்சி ஆளுநர்தான் நியமித்திருப்பார், தோற்றும் அதேதான் நடந்தது. அதனால் எல்லாம் வீண் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த 0.4 சதவீதம் மறுபக்கம் விழுந்திருந்தால் இன்றைய ஃப்ளோரிடா நீதிமன்றம் வேறு.

மூன்று நீதிபதிகள் மாறியதால் சாதாரண மக்களுக்கு என்ன வந்தது?

ஒரு உதாரணம் போதும். மரண தண்டனைக்கு நடுவர் குழுவின் (ஜூரி) பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும் என்று 2016-ல் பழைய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரியில் புதிய நீதிமன்றம் அதிலிருந்து பின்வாங்கியது. 2023-ல் சட்டமன்றம், பன்னிரண்டில் எட்டுப் பேர் சொன்னாலே போதும் என்று சட்டம் போட்டது. அப்புறம் 2024 ஏப்ரலில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பின் அந்தரங்க உரிமைக்குள் வைத்திருந்த 1989 தீர்ப்பையும் நீதிமன்றம் கைவிட்டது. இவை சரியா தவறா என்பதில் அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும், ஆனால் அந்த மூன்று இடம் சாதாரண இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மற்ற மாநிலங்களில் இந்தச் சண்டை உண்டா?

தாராளமாக. அதே 2014 நவம்பரில் டென்னசி மக்கள், ஆளுநர் நியமிப்பார், சட்டமன்றம் ஒப்புதல் தரும் என்ற முறையை ஏற்றார்கள். எனக்குப் பிடித்த கதை கான்சஸ். 1956-ல் ஆளுநர் ஃப்ரெட் ஹால் சொந்தக் கட்சியின் முதனிலைத் தேர்தலிலேயே தோற்றார். ஆண்டுக் கடைசியில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி விலகினார். ஜனவரி 3-ல் ஹால் விலகினார். துணை ஆளுநர் ஜான் மெக்கியூஷ் பதினோரு நாள் ஆளுநரானார், அந்த இடைவெளியில் செய்த பெரிய காரியம் ஹாலையே நீதிபதியாக நியமித்தது. மக்கள் கொதித்துப்போய் 1958-ல் பரிந்துரைக் குழு முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த முறையை எடுத்துவிட்டு நேரடித் தேர்தலுக்கே திரும்பலாமா என்ற கேள்வியை 2026 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு விட 2025-ல் கான்சஸ் சட்டமன்றம் தீர்மானித்தது.

ஃப்ளோரிடாவில் இதே குழப்பம் மறுபடி வருமா?

வயதை வைத்து வராது, அதற்குக் காரணம் பலர் கவனிக்காத இன்னொரு வாக்கெடுப்பு. 2018-ல் திருத்தம் 6 ஜெயித்தது. அதைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமை என்றுதான் விளம்பரம் செய்தார்கள். அதே மூட்டைக்குள் இரண்டு சங்கதி: நீதிபதிகளின் ஓய்வு வயது 70-லிருந்து 75, கூடவே பின்பாதியில் வயதை எட்டினால் காலம் முடியும்வரை இருக்கலாம் என்ற சலுகை ரத்து. இப்போது 75-வது பிறந்த நாள் எப்போது வருகிறதோ அப்போது போக வேண்டும், அன்று யார் ஆளுநரோ அவர் நியமிப்பார். ஆட்சி மாறும் அந்தச் செவ்வாயில் கூட்டமாகக் கிளம்பும் பேச்சே இல்லை.

வாக்கெடுப்புக்குப் பெயர் கொடுக்காமல் விடுகிறவர், அல்லது என்றாவது முதன்முறையாகத் தோற்கப்போகிறவர், இவர்களின் காலம் மட்டும் இன்னமும் ஜனவரிச் செவ்வாயில்தான் முடிகிறது. அதற்கு 2018 அக்டோபர் தீர்ப்பைத்தான் காட்டுவார்கள்.